ஆறு மணி நேரம்: திசு வங்கிகளும் கொடையின் அறமும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோருள் சிலர் பார்வையை இழந்தனர். 'யாரேனும் கண்தானம் செய்தால் இவர்களுக்குப் பொருத்த இயலாதா?' என்று மாணவர் சிலர் அந்நாள்களில் நம்மை வினவினர். இயலாது என்பதே விடை. மெத்தனால் அழிப்பது கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பை. கண்தானத்தால் பிறர்க்குப் பொருத்தப்படுவதோ கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த கார்னியா என்னும் கருவிழிப்படலம் மட்டுமே. படித்தோரிடையிலும் இவ்வேறுபாடு தெளிவாக இல்லை என்பதை அன்று உணர்ந்தோம். அதனாலேயே இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

இதயம், கல்லீரல் போன்ற உறுப்புகளை இறந்தவரிடமிருந்து பெறுவது, பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்ட நிலையிலேயே நிகழ்கிறது. திசுக்களின் நிலை வேறு. கருவிழிப்படலம், தோல், எலும்பு, இதய வால்வு ஆகியவற்றை இதயத்துடிப்பு நின்ற பின்னரும் எடுக்கலாம். எனவே கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் தம் வீட்டுத் திண்ணையில் உயிர் துறக்கும் முதியவரும் கண் கொடையாளர் ஆகலாம். ஆனால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் குழு வந்துசேர வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை அவற்றின்மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தித் தலையைச் சற்று உயர்த்தி வைத்தல் உறவினர் கடன். எடுக்கும் பணி அரை மணி நேரத்தில் முடியும், முகம் விகாரமடைவதில்லை.

எடுத்தவுடன் பொருத்திவிடுவதில்லை. கொடையாளரின் குருதியில் எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் ஆகியவை உள்ளனவா எனச் சோதிப்பர். வெறிநாய்க்கடியால் இறந்தவரின் திசுவை ஏற்பதில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோர்க்குத் தடையில்லை. பின்னர் நுண்ணோக்கியால் கருவிழிப்படலத்தின் உட்புற உயிரணுக்களின் செறிவைக் கணக்கிடுவர். ஊட்டக் கரைசலில் 4 பாகை செல்சியசில் வைத்தால், கரைசலின் வகைக்கேற்ப 4 நாள் முதல் 14 நாள் வரை அது கெடாமலிருக்கும். தோலை முதுகிலும் தொடையிலும் தாள்போல் மெல்லியதாய் உரித்துக் கிளிசராலில் காப்பர். தீக்காயம் பட்டவர்க்குத் தற்காலிகப் போர்வையாகப் பயன்படும் அதற்கு இரத்த வகைப் பொருத்தம் வேண்டியதில்லை. எலும்பை உறையவைத்தோ உலர்த்தியோ காப்பர். காமா கதிரால் தூய்மை செய்வதும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இத்தகைய பணியைச் செய்துவருகிறது. அன்புடைமை அதிகாரத்தில் எலும்பையும் குறிப்பிட்ட வள்ளுவர், அதற்கென ஒரு வங்கி வரும் என எண்ணியிருக்க மாட்டார்!

நாட்டின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில் தோன்றியது. உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கிய 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2011இல் திருத்தப்பட்டுத் திசுக்களையும் தன்னுள் கொண்டது. திசுவுக்கு விலை இல்லை. பதப்படுத்தும் செலவைப் பெறலாம். இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது, கண்காணிக்கத்தக்கது.

நம் சமுதாயத்தார் கேட்பது மார்க்கத் தீர்ப்பு. 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, இறந்தவர் முன்னரே இசைந்திருந்தாலோ வாரிசுகள் இசைந்தாலோ உறுப்பைப் பிறர்க்குப் பொருத்தலாம் என்றும், விற்பது கூடாது என்றும் முடிவு செய்தது. மறுஆண்டில் இந்திய பிக்ஹு அகாடமியோ, இறப்பிற்குப் பின் உறுப்பு வழங்குமாறு செய்யும் வஸிய்யத்தை ஏற்கவில்லை. மையித்தின் கண்ணியத்தைக் காக்கும் அக்கறை அதில் உள்ளது. அதை எள்ளுதல் தகாது. உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆயினும் ஒரு செய்தி நம்மை உறுத்துகிறது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம், பௌத்தர் பெருவாரியாக அளித்த கண்களைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. பாகிஸ்தானும் ஆயிரக்கணக்கில் பெற்றது. பெறுவதில் எழாத ஐயம் தருவதில் மட்டும் எழுவதேன்? இவ்வினாவையும் ஜமாஅத்தின் பெரியோர் முன் வைக்கிறோம். குளிப்பாட்டுதல், கஃபன், ஜனாஸாத் தொழுகை எவையும் அந்த அரை மணி நேரத்தால் தடைபடுவதில்லை.

மலைக்குத் திரும்புவோம். விறகு வெட்டுகையில் கண்ணில் தைக்கும் முள், கதிரடிக்கையில் தெறிக்கும் உமி இவற்றால் பூஞ்சைப் புண் உண்டாகிக் கருவிழி வெண்தழும்பாகிறது. ஆகவே கருவிழிப்படலம் தேவைப்படுவோருள் உழைப்பாளர் பலர். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. கண் கேட்டு மலையேறும் ஊர்தி, கண்ணில் புண்ணோடு இறங்க வேண்டியவர்க்கும் அதே விரைவில் கிடைக்கிறதா? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இவ்வாண்டு முகாமில் மலைச் சிற்றூர்தோறும் சென்று இதனைக் கேட்டறிந்து வரலாம். கொடைப் படிவங்களை அதற்கடுத்த முறை எடுத்துச் செல்லலாம்.