ஷிப்ட் வீட்டின் அடுப்படி: எதை முதலில் வாங்குவது, எப்படிப் பழக்குவது

பாசிர் கூடாங்கில் பல தமிழ்க் குடும்பங்களின் சமையல் நேரத்தை முடிவு செய்வது தொழிற்சாலையின் வேலை அட்டவணைதான். 1977-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிய காலம்தொட்டு இது ஷிப்ட் வேலைக்காரர்களின் ஊர். காலையில் ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பும்போது, இரவு வேலை முடிந்த இன்னொருவர் பசியோடு வீட்டுக்குள் வருவார். இருவருக்கும் சுடச்சுட ஏதாவது கிடைக்க வேண்டும். பாத்திரமும் எந்திரமும் வாங்கும்போது இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகக் குடித்தனம் வைக்கிறவர்களுக்கும், அடுக்குமாடியிலிருந்து தாமான் வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கும் நான் சொல்லும் வரிசை இது.

முதல் படி: ஒரு வாரம் எதுவும் வாங்காதீர்கள்

ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். தினமும் என்ன சமைத்தீர்கள், எத்தனை மணிக்கு, யார் சமைத்தது, எந்த இடத்தில் கை வலித்தது அல்லது நேரம் போதவில்லை என்று எழுதுங்கள். வாரத்தில் மூன்று முறை கடை மாவு வாங்கியிருந்தால் உங்களுக்குத் தேவை கிரைண்டர். தோசையே ஊற்றாமல் மீன் கறியும் சம்பாலுமாக வாரம் ஓடியிருந்தால் நல்ல மிக்ஸியும் ஒரு கல் உரலும் போதும். கிரைண்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பேரங்காடியில் பெட்டியோடு அடுக்கி வைத்திருக்கும் பத்து, பன்னிரண்டு உருப்படி செட்டுகளைத் தவிருங்கள். அதில் தினமும் கை போவது இரண்டு பாத்திரங்களுக்குத்தான். அந்தப் பணத்துக்கு அந்த இரண்டையும் கனமாக, நல்லதாக வாங்கிவிடலாம்.

இரண்டாம் படி: பிளக்கைப் பாருங்கள்

ஊருக்குப் போய்வருகிறவர்கள் கோயம்புத்தூர் கிரைண்டரையும் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம்தான். இந்தியாவிலும் மலேசியாவிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் ஒழுங்காக ஓடும். மாறுவது பிளக் மட்டுமே. அங்கே உருண்டைக் கம்பி, இங்கே சதுரக் கம்பி. சுவரிலுள்ள துளையைப் பேனாவால் நெம்பித் திறந்து உருண்டைக் கம்பியைத் திணிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், எர்த் கம்பி சரியாகத் தொடாது, ஈரக்கையோடு நிற்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. தளர்ந்த அடாப்டரிலும் அரை மணி நேரம் கிரைண்டர் ஓட்டக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்து, ஃபியூஸ் உள்ள மூன்று கம்பி பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாங்கியதென்றால் இந்தக் கவலை இல்லை, அங்கேயும் இதே பிளக்தான். உள்ளூரில் வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் சிரிம் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: கிரைண்டரும் மாவு நேரமும்

1955-ஆம் ஆண்டு நம் அடுப்படிக்கு முக்கியமானது. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரக் கிரைண்டரை உருவாக்கியது அந்த ஆண்டு. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டு. இன்று இந்த ஊரில் இரண்டும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் பிற்பாடு புவிசார் குறியீடும் கிடைத்தது.

நான்கைந்து பேருக்கு 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் போதும். கடையிலேயே கல்லையும் டிரம்மையும் கழற்றித் தூக்கிப் பாருங்கள். தூக்கிக் கழுவச் சிரமமாக இருந்தால் இரண்டாம் மாதமே அது மூலைக்குப் போய்விடும். புதுக் கல்லில் ஒரு கைப்பிடி அரிசியைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கொட்டுங்கள். அரைத்த தண்ணீரில் சாம்பல் நிறமும் நறநறப்பும் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

மிக்ஸியில் மாவு அரைபடாதா என்று கேட்பார்கள். அரைபடும், ஆனால் பிளேடு வேகமாகச் சுற்றி உளுந்தைச் சூடாக்கும். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவில் காற்று ஏறி, உளுந்து பஞ்சாகப் பொங்கும். இட்லி மெத்தென்று வருவதற்குக் காரணம் இதுதான். இட்லி அரிசி நான்கு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. நான்கு மணி நேரம் ஊறினால் போதும். முதலில் உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் அரையுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். பிறகு அரிசியை லேசான கரகரப்போடு எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள்.

ஷிப்ட் கணக்கு இங்கேதான் வருகிறது. தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகள் இரவு முழுக்க, பத்து பன்னிரண்டு மணி நேரம் புளிக்க வைக்கச் சொல்லும். நம் ஊர்ச் சூட்டில் அவ்வளவு விட்டால் மாவு பொங்கி வழிந்து புளித்துப்போகும். ஆறிலிருந்து எட்டு மணி நேரமே அதிகம். மாலையில் இரவு வேலைக்குப் போகிறவர் காலையில் வீடு வந்ததும் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கலாம். பிற்பகல் 2 மணிக்கு எழுந்து அரைத்து வைத்தால், வீட்டிலிருப்பவர் இரவு 9 மணிக்குப் பாத்திரத்தை ஐஸ்பெட்டிக்குள் தள்ளிவிடலாம். மறுநாள் காலை 5 மணிக்குத் தோசை ஊற்றுகிறவர் அரைக்க வேண்டியதுமில்லை, காத்திருக்க வேண்டியதுமில்லை. மாவுப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

நான்காம் படி: இரும்பும் கடல் காற்றும்

ஜோகூர் நீரிணை ஓரத்தில் குடியிருக்கிறோம். ஈரப்பதம் எப்போதும் அதிகம், காற்றில் உப்பு உண்டு. தோசைக்கல்லும் குவாலியும் ஒரே இரவில் செந்நிறம் பிடிப்பது இதனால்தான். அதற்காக இரும்பைக் கைவிட்டுவிட வேண்டாம். ஒழுங்காகப் பழக்கிய வார்ப்பிரும்புக் கல்லில் எடுக்கும் முறுகலை வேறெதிலும் எடுக்க முடியாது, அடுத்த தலைமுறைக்கும் அது உழைக்கும்.

பழக்கும் முறை இப்படி. புதுக் கல்லின் மேலுள்ள ஆலைப் பூச்சைச் சுடுதண்ணீரும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உடனே அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகக் காயவையுங்கள். பருத்தித் துணியால் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, தடவியதையும் துடைத்து எடுத்துவிட்டு, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் கருப்புப் படலம் பிடிக்கத் தொடங்கும். எண்ணெய் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். நம் வீடுகளில் அன்றாடம் இருப்பது செம்பனை எண்ணெய். அது இறுகுவது கம்மி, பிசுபிசுப்பாகவே நிற்கும். சூரியகாந்தி, சோயா, சோள எண்ணெய்கள் சூட்டில் நன்றாக இறுகிப் படலமாகும். ஒரு சிறு போத்தலை இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். முதல் சில நாள் கல்லில் வெங்காயம் வதக்குங்கள், முட்டை ஊற்றுங்கள், பிறகு தோசைக்கு வாருங்கள். தோசைக்கு ஒரு கல், சப்பாத்திக்கு வேறு கல். எண்ணெய் இல்லாத வறண்ட சூடு படலத்தைத் தின்றுவிடும்.

குவாலிக்கும் இதே பழக்கம்தான். மெல்லிய கார்பன் எஃகுக் குவாலி சீக்கிரம் சூடாகும், மீ கோரெங்குக்கும் கீரை பிரட்டுவதற்கும் அதுதான் சரி. வேலை முடிந்ததும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கழுவி, அடுப்பிலேயே காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, சிங்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். துரு வந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். உப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து பழக்கினால் திரும்பிவிடும்.

நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முட்டைக்கும் அவசரத் தோசைக்கும் உதவும். வெறும் சட்டியாக அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றுவிடும்.

ஐந்தாம் படி: புளிக்கு மண்சட்டி

கம்போங் பாசிர் பூத்தே பக்கம் போய் நல்ல மீன் வாங்கி வருகிறீர்கள். அதைப் புளி ஊற்றி இரும்புக் குவாலியில் கொதிக்கவிட்டால் பழக்கிய படலமும் போகும், குழம்பும் இரும்பு வாடை அடிக்கும். மீன் குழம்புக்கும் ஆசாம் பெடாஸுக்கும் மண்சட்டி, இல்லாவிட்டால் எவர்சில்வர். சமையலுக்குப் பளபளப்புப் பூச்சு இல்லாத சட்டியாகப் பார்த்து வாங்குங்கள். அலங்காரத்துக்குச் செய்த மலிவான சட்டிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரைச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, உள்ளே தேங்காய் எண்ணெய் தடவிக் காயவைத்தால் சட்டி தயார். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் நிச்சயம். சவுக்காரத்தை மண் உறிஞ்சிவிடும், ஆகவே கடலை மாவும் தேங்காய் நாரும் போட்டுக் கழுவுங்கள்.

ஆறாம் படி: மிக்ஸியும் கல் உரலும்

சாதாரண பிளெண்டரில் தண்ணீர் இல்லாமல் எதுவும் அரைபடாது. தேங்காய்த் துவையலுக்கும் மிளகாய்ப் பொடிக்கும் 500 முதல் 750 வாட் வரையிலான இந்திய மிக்ஸிதான் தேவை. ஜோகூர் பாரு ஜாலான் உங்கு புவான் பக்கத்து லிட்டில் இந்தியாவில் தேடிப் பாருங்கள். அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். திடீரென்று நின்றுவிட்டால் பழுதென்று பயப்பட வேண்டாம். ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து அடிப்பக்கம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

ரசத்துக்கு மிளகு சீரகம் தட்டவும் சம்பால் பெலாச்சான் இடிக்கவும் மலாய்க்காரர்களின் பத்து லெசோங்தான் சிறந்தது. மிக்ஸி பூண்டைக் கூழாக்கும். கல் அதை நசுக்கும். ரசத்தின் வாசத்திலேயே அந்த வித்தியாசம் தெரியும். புது உரலையும் அரிசி போட்டு இடித்துப் பழக்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மடித்த ஈரத்துணியின் மேல் வைத்து இடித்தால், பகலில் தூங்கும் கீழ்வீட்டு இரவு ஷிப்ட்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஏழாம் படி: குக்கரும் அடுப்பும்

பிரஷர் குக்கரில் 3 லிட்டர் ஒன்று, 5 லிட்டர் ஒன்று. பருப்புக்குப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை ஏறி ஆவித்துளையை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் இறுகினால் மாற்றுங்கள், வால்வையும் அந்தந்த நிறுவனத்தின் அசல் உதிரியாகவே போடுங்கள். ரைஸ் குக்கருக்கு ஒரே அறிவுரைதான்: அரிசியை வேறு பாத்திரத்தில் கழுவுங்கள், உள்பாத்திரத்தின் பூச்சு நீடிக்கும்.

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பள்ளிகளை மூடும் அளவுக்குப் போனதை அனுபவித்த ஊர் இது. காற்றில் ஏதாவது வாடை வந்தால் அது வீட்டு கேஸா, வெளியிலிருந்து வருகிறதா என்று உடனே தெரிய வேண்டும். புதுத் தோம்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் ரெகுலேட்டர் வாயிலும் குழாயின் இரு முனையிலும் சவுக்கார நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தோம்பை நிமிர்த்தியே வையுங்கள். குழாய் தொட்டால் விறைப்பாக இருந்தாலோ, வளைவில் வெடிப்புத் தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள்.

ஏர் ஃபிரையரை இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வைப்பேன். கெம்போங் மீன் பொரிக்கும் வாடை பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாதென்றால் வாங்கலாம். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு அச்சையோ தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள்; கனமான பித்தளை அச்சாகப் பாருங்கள். வாங்கும்போது வில்லைகள் உட்குழலில் தள்ளாடாமல் உட்காருகின்றனவா, கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே அழுத்திச் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.