அமுதசுரபியும் ஆதிரையின் பிச்சையும்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தின் வரலாறு கூறப்படுகிறது. மணிபல்லவத் தீவில் கோமுகிப் பொய்கையிலிருந்து அது மணிமேகலையின் கைக்கு வந்தபோது வெறுங்கலமாகவே இருந்தது. காயசண்டிகை கூறிய வண்ணம் அவள் காவிரிப்பூம்பட்டினத்தில் ஆதிரையின் மனை வாயிலில் நின்றாள். ஆதிரை முதற் பிச்சை இட்ட பின்னரே பாத்திரம் குறைவின்றிச் சுரக்கலாயிற்று. தெய்வத்தன்மை வாய்ந்த கலத்திற்கும் ஓர் இல்லறத்தாளின் கைச்சோறே வித்தாயிற்று என்பது ஈண்டு உணரத்தக்கது.

இக்கலத்தை முன்பு உடையவன் ஆபுத்திரன். பாண்டி நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகவே, பசித்தோரைக் காணாது அவன் வருந்தினான். இன்றைய நிலையோ வேறு. உலகில் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியால் வாடினர் என ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. ஆயினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு 105 கோடி டன். பசியும் உண்டு, உணவும் உண்டு. இரண்டையும் இணைக்கும் கலமே இல்லை.

அக்கலமே உணவு வங்கி. எஞ்சிய நல்ல உணவுப் பொருள்களைத் திரட்டி, தரம் ஆராய்ந்து, காத்து வைத்து, இல்லாதார்க்கு அளிப்பது அதன் பணி. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் 1967இல் தொடங்கிய உணவு வங்கியே முதலாவது என்பர். அதற்குச் சரியாக நூறாண்டு முன்னர், 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளற்பெருமான் சத்திய தருமசாலையை நிறுவினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் ஈந்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி, சமயம் வினவாமல் அங்குச் சோறு இடப்படுகிறது. ஒன்று சமைத்து இடுவது. மற்றொன்று சேர்த்துக் கொடுப்பது. இரண்டின் உயிர்நிலையும் ஊராரின் ஈகையே.

ஊர்தோறும் இவ்வறம் வேண்டும். மழைக்காலத்தில் வேலையிழந்த கூலியாளரும், துணையற்ற முதியோரும் பசியை வெளியிற் சொல்லார், நாணம் தடுக்கும். ஆதலின் கொடுப்போர் பெறுவோர் முகம் வாடாதபடி கொடுத்தல் வேண்டும். கெட்டதையும் வண்டு விழுந்ததையும் கொடுத்தல் அறமாகாது. தாம் உண்ணத் தகாததைப் பிறர்க்கு இடலாகாது.

உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலயத்தில் இட்டு வைத்தல் நம் இல்லங்களில் இருந்த பழைய வழக்கம். தெருவுக்கு நூறு வீடு நாளும் ஒரு பிடி ஒதுக்கின், அத்தெருவில் எவரும் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. அப்பிடியரிசியே ஆதிரை இட்ட பிச்சை; அதனை ஏற்கும் ஊர்ப் பொதுக்கலமே அமுதசுரபி.