கிடங்குப் பரணின் கால் உறுதியா?

ஐப்பசி மழை வந்துவிட்டால் வாலாஜாபாத் வியாபாரிகளுக்குக் கிடங்குக் கவலைதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஈரத்துக்குப் பயந்து மூட்டைகளைப் பரணில் ஏற்றுகிறோம். பரணின் பலகையைத் தட்டிப் பார்க்கிறோமே தவிர, அதன் கால் தரையில் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. அந்தப் பரணுக்குக் கீழேதான் கடைப் பையன்களும் மூட்டை தூக்கும் தொழிலாளர்களும் நாள் முழுவதும் நடமாடுகிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. வரிசைக்கு மூன்றாக ஆறு மரக்கால்கள். மேலே 50 கிலோ மூட்டைகள் 80. ஆக 4,000 கிலோ. சமமாக அடுக்கினாலும் மூலைக்கால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 கிலோவும், நடுக்கால் ஒவ்வொன்றும் 1,000 கிலோ அல்லது அதற்கு மேலும் தாங்கும். எனவே நடுக்கால் நிற்கும் இடமே முக்கியம்.

1. தரையைச் சோதியுங்கள். மேலே வழவழப்பாகச் சிமெண்ட் பூசியிருக்கும். உள்ளே மெல்லிய ஜல்லிப் படுகையும் மணலும் மட்டுமே இருக்கலாம். அப்படியானால் அந்த இடத்தை வெட்டி, கெட்டி மண் வரை தோண்டி, தனி கான்கிரீட் அடித்தளம் போடுங்கள். ஏழு நாளாவது நீர் ஊற்றிப் பதப்படுத்துங்கள். 28 நாள் கழித்துப் பாரம் ஏற்றுவது நல்லது.

2. மரத்தைக் கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். புதைத்தால் உறுதி என்று நினைப்பது தவறு. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அந்த இடைவெளியில் நீர் தேங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் உளுத்துப்போகும். கறையானும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். நம் பழைய வீடுகளின் திண்ணைத் தூண்களைப் பாருங்கள். மரம் கருங்கல் பீடத்தின் மேல்தான் நிற்கும். காரணம் இதுவே.

3. இரும்புப் பாதம் வையுங்கள். கனமான அடித்தகடு, அதன்மேல் தரையிலிருந்து ஓர் அங்குலமாவது உயர்ந்த ‘ப’ வடிவத் தகடு. வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். மரத்தின் அடி முழுவதும் தகட்டில் பதிய வேண்டும். பக்கவாட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பூசுங்கள்.

4. ஆங்கர் போல்ட். பாரத்தைத் தாங்குவது தரை, போல்ட் தாங்குவதில்லை. கைவண்டி இடித்தாலும், மூட்டை சரிந்தாலும் கால் நழுவாமல் பிடிப்பதே போல்ட்டின் வேலை. தகட்டுக்கு நான்கு போல்ட் போடுங்கள். விரிசலுக்கும் தரையின் ஓரத்துக்கும் அருகில் துளையிட வேண்டாம். துளைத்த தூளை ஊதி எடுத்த பிறகே போல்ட்டைச் செலுத்துங்கள். தூள் இருந்தால் பிடிப்பு இராது.

5. குறுக்குச் சட்டம். பாதம் மட்டும் போதாது. கால்களுக்கிடையே சாய்வாகச் சட்டம் அடித்தால்தான் பரண் ஆடாது.

பெரிய பரண் என்றால் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். சிறிய பரண் என்றால், மழைக்கு முன் ஒருநாள் மூட்டைகளை இறக்கிவிட்டு ஒவ்வொரு காலின் அடியையும் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எளிதாக இறங்கினால் அந்தக் காலை மாற்றும் வரை மேலே ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள். சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம்; ஆள் போனால் வாங்க முடியாது.