பாட்டியின் சுவிட்சில் ஒட்டிய டேப்

அன்புள்ள தம்பிக்கு,

தேவனேரி வீட்டில் நான்கு ஸ்மார்ட் பிளக்கையும் மூன்று ஃபேனையும் மாற்றியதைப் பற்றி நீ எழுதி அனுப்பிய பதினான்கு பக்கங்களையும் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. "பாட்டி சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டிவிடுகிறார், அதனால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். முதலில் போய் அந்த டேப்பைப் பிய்த்துப் போடு.

பிளக்கைப் பிளப்பது, நாலு ஒயர் பற்றவைப்பது, ஜிபிஐஓ ஜீரோவைத் தரையில் பிடித்துக்கொண்டு ஃபிளாஷ் பண்ணுவது என எதையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக உன் பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். கூடத்து ஃபேன் இரண்டு முறை எல்லாவற்றையும் மறந்து, புதிதாக ஃபிளாஷ் பண்ணியதுபோல் எழுந்து நின்றது என்கிறாய். சிப் மட்டமானது என்று சந்தேகப்பட்டு மாற்றியும் விட்டாய். அந்தச் சிப்பில் ஒரு குறையும் இல்லை, தம்பி. காரணத்தை நீயே இரண்டு பக்கம் முன்னால் எழுதி வைத்திருக்கிறாய்.

நீ ஏற்றிய டாஸ்மோட்டா ஃபர்ம்வேரில் ஒரு மீட்பு வழி உண்டு. பத்து விநாடிக்குக் குறைந்த இடைவெளியில் ஆறு முறை கரண்டை அணைத்துப் போட்டு, ஏழாவது முறை அப்படியே விட்டால், எல்லா அமைப்பையும் அழித்துவிட்டு ஆரம்ப நிலைக்குத் திரும்பும். எந்தக் காலில் எந்த ரிலே என்பதே அதற்கு நினைவிருக்காது. பட்டன் இல்லாத கருவியை மீட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீ ஃபேன் பலகையைச் சுவர் சுவிட்சுக்குப் பின்னால் அல்லவா மாட்டியிருக்கிறாய்? போனில் நீ ஃபேனை நிறுத்திவிட்டுப் போகிறாய். பலகை கடைசி நிலையை நினைவில் வைத்துக்கொள்கிறது. பாட்டி வந்து சுவிட்சைப் போடுகிறார்; பலகைக்கு உயிர் வருகிறது, ஃபேன் சுற்றவில்லை. மறுபடி அணைத்துப் போடுகிறார். நாற்பது வருஷம் காற்றுக் கொடுத்த சுவிட்சை ஒருவர் ஏழு முறை தட்டிப் பார்ப்பதில் என்ன அதிசயம்? அந்த மீட்பு வழியை அணைக்கும் செட்ஆப்ஷன்65-ஐ 1 ஆக்கியிருந்தால் இந்த மறதி வந்திருக்காது.

இதை நான் கற்றுக்கொண்டது 2022 டிசம்பர் 9 இரவு. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்த இரவு அது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் கரண்ட் வருவதும் போவதுமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்து, பிறகு மொத்தமாகப் போனது. கரண்ட் திரும்பியபோது என் வீட்டு மூன்று பிளக்கில் இரண்டு, அப்போதுதான் பிறந்த குழந்தைபோல் பேர் ஊர் தெரியாமல் விழித்தன. கொசு பிடுங்குகிறது, அம்மா இருட்டில் ஃபேன் கேட்கிறார், நான் லேப்டாப்பில் சார்ஜ் தேடுகிறேன். அன்றைக்கு அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். நான்கு வருஷம் ஆகப்போகிறது, அந்த விசிறிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் அந்த செட்ஆப்ஷன் மட்டும் போதாது. பலகைக்குக் கரண்டை நேராகக் கொடு. சுவர் சுவிட்சைப் பலகையின் ஓர் உள்ளீட்டுக் காலுக்குக் கொண்டுபோ. எந்தப் பக்கம் தட்டினாலும் நிலை மாறும்படி வை. சுவிட்ச்மோட் 0 அதைத்தான் செய்கிறது. வைஃபை செத்தாலும், ரூட்டர் நனைந்தாலும் சுவிட்ச் வேலை செய்யும். இரண்டு எச்சரிக்கை. இந்தப் பலகைகளின் 3.3 வோல்ட் தரை, வீட்டுக் கரண்டிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல. அந்தச் சுவிட்ச் ஒயரிலும் ஆளைக் கொல்லும் கரண்ட் இருக்கிறதென்றே நினைத்துக்கொள். டெலிபோன் ஒயர் போடாதே, வீட்டு ஒயரே போடு. அடுத்து, இனிமேல் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேன் மண்டையில் கரண்ட் இருக்கும். மெயினை இறக்காமல் யாரும் ஸ்டூலில் ஏறக் கூடாது என்று சுவிட்ச் போர்டிலேயே தமிழில் எழுதி ஒட்டு. டேப் அதற்கு உதவட்டும்.

இன்னொன்றும் என்னைத் தூங்கவிடவில்லை. உன் ஃபேன் பலகையில் மூன்று ரிலே: 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு ஒன்று, 3.3-க்கு ஒன்று, நேரடியாக ஒன்று. முழு வேகத்துக்குப் போகும்போது நேரடி ரிலேயைப் போட்டுவிட்டுப் பிறகு மற்ற இரண்டையும் விடுகிறாய். காற்று ஒரு கணமும் தடைப்படக் கூடாதாம். றெக்கை கரண்ட் இல்லாமலே எவ்வளவு நேரம் சுற்றும் என்று நீ பார்த்ததில்லையா? நேரடி ரிலே மூடும் நொடியில், சார்ஜ் ஏறிய கெப்பாசிட்டர் இரண்டும் அந்தச் சின்ன முனைகள் வழியாக ஷார்ட் ஆகின்றன. ஒரு நாள் முனை வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், போனில் எதை அழுத்தினாலும் குறையாது. எல்லா ரிலேயையும் விடு, ஒரு விநாடி பொறு (டிலே 10), பிறகு வேண்டியதைப் போடு. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே அரை வாட் 220 கே மின்தடை, தொடராக ஒரு 2.2 ஓம் வை. இரண்டும் சேர்ந்து பத்து ரூபாய் ஆகாது.

என் கதையையும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஃபேன் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ரெகுலேட்டர் என்றால் சுவரில் தொங்கும் பெரிய பெட்டி. உள்ளே ஒயர் சுற்றிய மின்தடை, கை வைத்தால் சுடும். பிறகு குமிழ் வைத்த எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தது. ராத்திரி முழுக்க ஃபேன் முனகும். அப்புறம்தான் டக் டக்கென்று திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர். "ஃபேன் குறைய மாட்டேங்குதுப்பா" என்று எத்தனை பேர் அதைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார்கள்! திறந்தால் உள்ளே கருகிய முனை. அந்தக் கருகல் வாசனை உன் ஏழாம் பக்கத்தைப் படிக்கும்போதே எனக்கு அடித்தது. மூன்றாவது ஃபேன் பிஎல்டிசி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதன் முன்னால் எந்தக் கெப்பாசிட்டரும் வேண்டாம்.

இப்போது மனதாரச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிளக் நான்கையும் அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் பழைய ஃபர்ம்வேரையும் தனித்தனியே எடுத்து வைத்தாய். ஒரே பெயர், ஒரே டப்பா, உள்ளே மூன்றில் இஎஸ்பி, ஒன்றில் பெக்கன் சிப் என்று கண்டபோது பதறாமல் அதற்கு வேறு வழி தேடினாய். கரண்ட் அளக்கும் சிப்பை நம்பாமல், நூறு வாட் குண்டு பல்பையும் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டி, மீட்டரோடு ஒப்பிட்டு, திருத்த எண்ணைச் சீட்டில் எழுதி ஒவ்வொரு பிளக்கின் வயிற்றிலும் ஒட்டினாய். அந்தப் பக்கத்தை என் கடைப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது வருஷத்தில் என்னிடம் வேலை கற்ற யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. நானும் செய்ததில்லை.

உப்புக் காற்றைப் பற்றி நீ எழுதவே இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கடற்கரைக் கோயில் கல்லில் உப்பு ஏறி, தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அப்பி அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் உன் செப்புக் கோடு எத்தனை மழைக்காலம் தாங்கும்? பற்றவைத்த இடங்களை ஸ்பிரிட்டில் கழுவி, பலகைக்கு வார்னிஷ் பூச்சுக் கொடு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்த மூன்று ரிலேப் பலகையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வா. 220 கே எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது பாட்டியையும் கூட்டி வர முடிந்தால் நல்லது. சுவிட்ச் அவர் கைக்கு எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
செங்கல்பட்டிலிருந்து உன் அண்ணன்