நியூசிலாந்தில் சிக்கனக் கேரவன் பயணம்

கேள்வி: நியூசிலாந்தில் நான்கைந்து வாரம் தங்கப்போகிறோம். கேரவனில் குறைந்த செலவில் சுற்ற முடியுமா?

பதில்: நியூசிலாந்தில் கேரவன் வாடகை டிசம்பர், ஜனவரி கோடையில் உச்சத்தில் இருக்கும்; மே முதல் ஆகஸ்ட் வரை வெகுவாக இறங்கும். அதைவிட மலிவானதும் உண்டு. கிறைஸ்ட்சர்ச்சில் தேங்கிய வண்டிகளை ஆக்லாந்துக்குக் கொண்டுசேர்க்க, நிறுவனங்கள் பெயரளவு வாடகைக்கே தருவதுண்டு. கிடைப்பது சில நாள் அவகாசம்தான் என்பதால், பயணத்தின் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே அது ஏற்றது.

உண்மையான மிச்சம் இரவுத் தங்கலில் இருக்கிறது. அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய முகாம்களில் சிலவற்றுக்குக் கட்டணமே இல்லை. கழிப்பறையும் ஓடைத் தண்ணீரும்தான் வசதி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். சற்றுக் கட்டணம் கொடுத்தால் அவோராக்கி மலையடிவாரத்து ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமிலேயே உறங்கலாம். அந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

உள்ளாட்சி நிலங்களில் இலவசமாகத் தங்க, 2023 சட்டத் திருத்தத்தின்படி, வண்டியிலேயே பொருத்திய கழிப்பறையும் அதற்கான சான்றும் பொதுவாகத் தேவை. படுக்கையை விரித்த பிறகும் அந்தக் கழிப்பறை பயன்படும்படி இருக்க வேண்டும். மீறினால் அபராதம் 400 டாலரில் தொடங்கும். வாடகைக்கு எடுக்கும்போதே சான்றைப் பார்த்துவிடுவது அவசியம்.

டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி உண்டு. வடக்கு, தெற்குத் தீவுகளை இணைக்கும் வெலிங்டன்–பிக்டன் கப்பல் கட்டணமும் அதிகம். அதனால் இரண்டு தீவுகளையும் சுற்ற வேண்டியதில்லை; தெற்குத் தீவு மட்டுமே நான்கு வாரத்துக்குத் தாராளமாகப் போதும்.