சைபர் வரை இறக்கும் உபதேசம்

புதிதாக ஒரு கைபேசியை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குகிறவருக்கு, ரசீதோடும் உறையோடும் சேர்த்து, "முதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ்ல போடுங்க சார், அப்புறம் சைபர் வரைக்கும் இறங்கினாத்தான் மறுபடி போடணும், இல்லேன்னா பேட்டரி போயிடும்" என்று ஓர் உபதேசமும் வழங்கப்படுகிறது. சென்னை ரிச்சி தெரு தொடங்கிச் சிற்றூர்க் கடைவீதி வரையில் ஒரே குரலில் ஒலிக்கும் இவ்வுபதேசத்தைப் படித்தவர்களும், கணினித் துறையிலேயே உத்தியோகம் பார்க்கிறவர்களும்கூடச் சிரமேற்கொண்டு அனுஷ்டித்து, நல்ல பேட்டரியைக் காலத்துக்கு முன்பே கெடுத்துக்கொண்டு, என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களின் மேஜைக்கு வந்து சேருகிறார்கள். எத்தனை முறை விளக்கினாலும், "எங்களுக்கு அப்படித்தானே சொன்னார்கள்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. சொன்னவர் யார், எந்தப் பேட்டரியைப் பற்றிச் சொன்னார் என்று ஒருவராவது விசாரிக்க வேண்டாமா?

அந்த வார்த்தை ஒரு காலத்தில் ஓரளவு நியாயமானதாகவே இருந்தது. ஸ்வீடன் தேசத்து வால்டெமார் யுங்னர் 1899-ல் கண்டுபிடித்த நிக்கல்-காட்மியம் பேட்டரியை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குப் பாதியில் இறக்கிப் பாதியில் ஏற்றி வந்தால், நாளடைவில் அந்த அளவைத் தாண்டியதும் அதன் மின்னழுத்தம் சட்டென்று தாழ்ந்துபோகும் சுபாவம் உண்டு. அதைத்தான் 'மெமரி எஃபெக்ட்' என்றார்கள். அவ்வப்போது முழுக்க இறக்கி ஏற்றுவதே அதற்குப் பரிகாரமாகவும் இருந்தது. ஆனால் 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், அதன் மூலகர்த்தர்களான குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசும் அளிக்கப்பட்டுவிட்ட பின், நம் சட்டைப்பையிலும் மேஜையிலும் இருப்பவை எல்லாம் அந்த வகையாகவே ஆகிவிட்ட பின்னும், செத்துப்போன ஒரு பேட்டரிக்கு எழுதிய மருந்தை இன்றைய பேட்டரிக்குப் புகட்டிக்கொண்டிருக்கிறோம்.

மருந்து வீண் என்பதோடு போகாமல், விஷமாகவும் ஆகிறது. லித்தியம் செல் ஒன்று முழுக்க ஏறும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட்டில் நிற்கும். இறங்கி 3 வோல்ட்டை நெருங்கும்போது கைபேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அப்படி அணைந்த கருவியை அலமாரியில் போட்டுவிட்டு இரண்டொரு மாதம் மறந்துவிட்டால், உள்ளே மெல்ல மெல்லக் கசிவு நடந்து மின்னழுத்தம் மேலும் தாழ்கிறது. தாழ்வு எல்லை கடந்தால் செல்லுக்குள் இருக்கும் தாமிரத் தகடே கரையத் தொடங்குகிறது. ஊருக்குப் போயிருந்த பெரியவர் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வைத்துவிட்டுப் போன கைபேசியைத் திறந்து மீட்டரின் இரு முனைகளை வைத்துப் பார்த்தால், ஒன்றரை வோல்ட்டுக்குமேல் முள் எழாத காட்சி எங்கள் மேஜையில் சர்வசாதாரணம். அதன்பின் அந்த செல்லை உயிர்ப்பிக்க முயல்வது, கரைந்த தாமிரம் உள்ளேயே இணைப்பு உண்டாக்கிவிடக்கூடுமாதலால், அபாயத்தை விலைக்கு வாங்குவதாகும்.

"அடிக்கடி போட்டால் சார்ஜ் எண்ணிக்கை கூடிவிடாதா?" என்பார்கள். கூடாது. இன்று ஐம்பது சதவீதமும் நாளை ஐம்பது சதவீதமும் ஏற்றினால், இரண்டும் சேர்ந்து ஒரே சுற்றாகத்தான் கணக்கு. ஆழமாக இறக்கி ஏற்றும் சுற்றைவிடச் சிறிது சிறிதாக ஏற்றுவதே செல்லுக்குச் சுகம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: திரையில் தெரியும் சதவீதக் கணக்கு சில பழைய கருவிகளில் பிசகி, இருபது காட்டியபடியே அணைந்துவிடுவதுண்டு, அப்போது ஒரு முறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றினால் கணக்கு சரிப்படும். சரிப்படுவது கணக்கே தவிர, பேட்டரியன்று.

பேட்டரியின் மெய்யான சத்துரு உஷ்ணம். கனடாவின் காடெக்ஸ் நிறுவனத்தார் 'பேட்டரி யுனிவர்சிட்டி' என்ற பெயரில் வெளியிட்டிருக்கும் அட்டவணைப்படி, நாற்பது சதவீத சார்ஜில் 25 பாகை செல்சியஸில் ஓராண்டு வைத்த செல் தன் கொள்ளளவில் சுமார் 96 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது; முழு சார்ஜில் 40 பாகையில் வைத்ததோ சுமார் 65 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காரின் முகப்பில் கைபேசியைச் சார்ஜில் போட்டு ஓட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும். அலுவலகங்களில் வருஷக்கணக்கில் சார்ஜரைப் பிடுங்காமலே வைத்திருக்கும் மடிக்கணினிகளின் கதியும் இதுவே. பேட்டரி உப்பி, அடியிலிருந்து டச்பேடை மேலே தள்ளி, கிளிக் விழவில்லை என்ற புகாராக வந்து சேரும். எண்பது சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளில் இருக்கிறது. செட்டிங்ஸில் தேடி அதை இயக்கிவையுங்கள்.

மற்ற பிரமைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டியதில்லை. பின்னால் ஓடும் ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடினால் சார்ஜ் நிற்கும் என்பது தவறு. ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2016-ல் அதை மறுத்தாயிற்று. நனைந்த கைபேசியை அரிசியில் புதைப்பதும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும். அணைத்து, சார்ஜில் போடாமல், காற்றோட்டத்தில் வைத்து, கடைக்குக் கொண்டுவாருங்கள்.

எவ்வளவு பேணினாலும் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளில் அது தளரும். அதை மாற்றினால் போதும் என்றிருக்கையில் கருவியையே மாற்றும்படி ஜனங்களை நிர்ப்பந்திப்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்துவந்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக இறக்கியபோது, புது பேட்டரி போட்ட மாத்திரத்தில் பழைய வேகம் திரும்பியதை உலகமே பார்த்தது. நோக்கியாவின் பின்மூடியை நகத்தால் நெம்பி, பிஎல்-5சி பேட்டரியை நாமே மாற்றிக்கொண்ட வசதியைப் பசை தடவி மூடிப் பறித்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய பேட்டரி சட்டம், சில விதிவிலக்குகளோடு, உபயோகிப்பவரே கழற்றி மாற்றும்படியாகக் கருவிகளை அமைக்கவேண்டும் என்று 2027 பிப்ரவரி முதல் கட்டாயப்படுத்துகிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு குழுவை அமைத்து, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையவாசல் ஒன்றையும் திறந்தது. சட்டமாக இன்னும் வரவில்லை. அது வரும்வரையில், அடுத்த கைபேசி வாங்கும்போது காமிரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதற்கு முன், இதன் பேட்டரியை மாற்ற என்ன செலவாகும், எத்தனை ஆண்டு வரை அசல் பேட்டரி கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.