மாயக் கதைகளில் பசி

நுழையும்முன்

மாயக் கதைகளில் விலங்குகள் பேசும். அலமாரிக்குள் ஒரு நாடே இருக்கும். மரக்கட்டை உயிர்பெற்று நடக்கும். அத்தகைய உலகிலும் கதைமாந்தர்க்குப் பசிக்கிறது. அப்பசியை மாயத்தால் தீர்க்க முடிகிறதா? ஐரோப்பியச் சிறுவர் இலக்கியத்தில் நிலைபெற்ற மூன்று நூல்களைக் கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

சுவரில் கொதிக்கும் பானை

இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொல்லோடியின் ‘பினோக்கியோ’ 1881ஆம் ஆண்டு முதல் சிறுவர் இதழொன்றில் தொடராக வெளிவந்து, 1883இல் நூல் வடிவம் பெற்றது. அதில் மரவேலை செய்யும் ஏழை முதியவர் ஜெப்பெட்டோ. அவரது வீட்டில் அடுப்பு எரிகிறது, பானை கொதிக்கிறது, ஆவியும் எழுகிறது. ஆனால் இவை யாவும் சுவரில் தீட்டப்பட்ட ஓவியம்! அவர் செதுக்கிய பொம்மையாகிய பினோக்கியோ பசி தாளாது அப்பானையைத் திறக்க ஓடுகிறான். கையில் தட்டுப்படுவது வெறுஞ்சுவரே. வறுமையை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய காட்சி சிறுவர் இலக்கியத்தில் அரிது. கொல்லோடியின் தந்தை செல்வர் குடும்பம் ஒன்றில் சமையற்காரராகப் பணியாற்றியவர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

குப்பையில் கிடந்த முட்டையொன்றைப் பினோக்கியோ கண்டெடுக்கிறான். உடைத்ததும் உள்ளிருந்த குஞ்சு நன்றி கூறிவிட்டுப் பறந்துபோகிறது. மாயம் நிகழ்ந்துவிட்டது, பசியோ அப்படியே இருக்கிறது.

மறுநாட்காலை ஜெப்பெட்டோ தம் காலையுணவுக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காய்களை அவனுக்குத் தருகிறார். தோலுடன் உண்ணமாட்டேன் என்று அவன் அடம்பிடிக்கிறான். முதியவர் பொறுமையாகத் தோலைச் சீவித் தருகிறார். சீவிய தோலையும் அவன் எறியவிருந்த நடுப்பகுதியையும் ஒதுக்கி வைக்கிறார். பழங்கள் தீர்கின்றன, பசி தீரவில்லை. வேண்டாமென்ற தோலையும் நடுப்பகுதியையும் அவனே கேட்டு வாங்கி உண்கிறான். ஒதுக்கிவைத்த அந்த முதியவரின் கையே போதுமானதாக இருக்கிறது.

உண்ண உண்ணத் தீராத இனிப்பு

சி. எஸ். லூயிஸின் ‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’ 1950இல் வெளிவந்தது. பனி மூடிய நார்னியா நாட்டில் வழிதவறிய சிறுவன் எட்மண்டுக்கு, அந்நாட்டைக் கவர்ந்தாளும் சூனியக்காரி ஒரு பெட்டி நிறைய ‘டர்கிஷ் டிலைட்’ என்னும் இனிப்பைத் தருகிறாள். மாவுச்சத்தையும் சர்க்கரைப் பாகையும் கிண்டி, துண்டுகளாக்கிப் பொடித்த சர்க்கரையில் புரட்டி எடுக்கும் மென்மையான பண்டம் அது. மாயத்தால் வரவழைக்கப்பட்ட அவ்வினிப்பு வயிற்றை நிறைப்பதில்லை. மேலும் வேண்டும் என்னும் வேட்கையையே வளர்க்கிறது. பின்னர், நீர்நாய் இணையரின் வீட்டில் அப்போதுதான் பிடித்த மீனும் உருளைக்கிழங்கும் பரிமாறப்படுகின்றன. உடன்பிறந்தோர் மகிழ்ந்து உண்கையில் எட்மண்டுக்கு மட்டும் அவ்வுணவு சுவைக்கவில்லை. அவன் மனம் இனிப்பிலேயே இருக்கிறது. எவரும் அறியாமல் எழுந்து சென்று உடன்பிறந்தோரையே காட்டிக்கொடுக்கிறான். அடுத்தமுறை சூனியக்காரி அவனுக்குத் தருவது காய்ந்த ரொட்டியும் நீருமே.

தெரியுமா?

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் பிரிட்டனில் மிட்டாய்களும் சாக்லேட்டும் பங்கீட்டு முறைக்குள் கொண்டுவரப்பட்டன. போர் முடிந்தும் அக்கட்டுப்பாடு நீடித்து, 1953ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே முற்றிலும் நீங்கியது. லூயிஸின் நூலை முதலில் படித்த பிரிட்டன் சிறுவர்கள், இனிப்பை அளந்து பெற்ற சிறுவர்கள்.

பங்கிட மறுக்கும் பங்கு

ரோல்ட் டாலின் ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ 1964இல் வெளிவந்தது. சாக்லேட் ஆறு ஓடும் தொழிற்சாலையே அந்நூலில் பலர் நினைவிலும் நிற்பது. அதன் முற்பகுதியைச் சற்று நின்று படித்தல் வேண்டும். ஏழு பேர் வாழும் வீட்டில் இரவுதோறும் முட்டைக்கோசுச் சாறு; ஞாயிறன்றும் அதுவே, எனினும் அன்று இரண்டாம் முறையும் பெறலாம். தந்தை வேலையிழந்தபின் அதுவும் குறைகிறது. பள்ளிக்கு மெல்ல நடந்து செல்வதற்காகச் சார்லி பத்து நிமிடம் முன்னதாகவே புறப்படுகிறான். இடைவேளையில் விளையாடாமல் வகுப்பறையிலேயே அமர்ந்திருக்கிறான். உடல் வலிமை செலவாகிவிடக் கூடாதென்று ஒரு சிறுவன் கணக்கிட்டு வாழ்வதை டால் ஆரவாரமின்றிச் சொல்லிச் செல்கிறார். தாய் தன் ரொட்டித் துண்டை அவன் தட்டில் வைக்க முயல்கிறாள். அவன் அதனைத் திருப்பித் தந்துவிடுகிறான்.

ஒரு குவளைப் பால்

பேரிக்காய்த் தோலை வெறுத்த பினோக்கியோவுக்குக் கதையின் இறுதியில் மீண்டும் உணவு தேவைப்படுகிறது. இம்முறை தனக்காக அன்று, நோயுற்ற ஜெப்பெட்டோவுக்காக. ஒரு குவளைப் பாலுக்கு ஈடாக நூறு வாளி நீர் இறைத்துத் தரவேண்டும் என்கிறார் தோட்டக்காரர். பினோக்கியோ இறைக்கிறான். ஐந்து மாதங்களுக்கும் மேலாக நாள்தோறும் விடியலில் எழுந்து அவ்வேலையைச் செய்து பால் கொணர்கிறான். மரப்பாவை மனிதச் சிறுவனாக மாறுவது அதன் பின்னரே.